டவர் போனாலும் ஜிபிஎஸ் போகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்தால் கொல்லிமலைக்கு வெளியூர் வண்டிகள் வரிசை கட்டும். வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி என்று குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். இடையிடையே செல்போனில் டவர் போய்விடும். மேப் வெள்ளைக் காகிதம் போல் ஆகும். "ஜிபிஎஸ் போச்சு" என்று வண்டியை வளைவிலேயே நிறுத்திவிட்டு போனை உயரத் தூக்கிப் பிடிப்பார்கள். செய்திகளிலும் "சிக்னல் இல்லாததால் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்றே எழுதப்படுகிறது. இந்த ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதால் இக்கடிதம்.

ஜிபிஎஸ்ஸுக்கு சிம் தேவையில்லை, டவர் தேவையில்லை, நெட்டும் தேவையில்லை. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. நம் போன் வானொலிப் பெட்டியைப் போலக் கேட்க மட்டும் செய்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் காதில் விழுந்தால் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். ஜிபிஎஸ் அமெரிக்காவுடையது. இப்போதைய போன்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. நம் இஸ்ரோவின் நாவிக்கையும் சில போன்கள் கேட்கும். ஆனால் நாவிக்கில் இப்போது வழிகாட்டலுக்கு உதவும் செயற்கைக்கோள்கள் மிகச் சில என்பதால், அது துணைக்கு வருமே தவிர அதை மட்டும் நம்பி இடம் காண முடியாது.

அப்படியானால் டவர் போனதும் ஏன் தடுமாறுகிறது? முதல் காரணம் எளிது: மேப்பின் படம் நெட்டில் வருகிறது. இடம் தெரிந்தாலும் அதைக் காட்டப் படம் இல்லை. இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. செயற்கைக்கோள் "நான் இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன்" என்ற தகவலை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு சுற்றுக்கு 1,500 பிட்; அது முடிய 30 நொடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையும் முழுதாக வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். நெட் இருக்கும்போது போன் இதே தகவலை இணையம் வழியாக ஓரிரு நொடியில் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஊருக்குள் லொகேஷனை ஆன் செய்ததும் நீலப் புள்ளி வந்துவிடுகிறது. நெட் இல்லாத இடத்தில் போன் வானத்திலிருந்தே சொட்டுச் சொட்டாக வாங்க வேண்டும். அந்த 30 நொடிக்குள் மரக்கிளையோ பாறையோ மறைத்தால் விட்டுப்போன பகுதிக்காக அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். ஓடும் வண்டியில், மரநிழலில் இது ஓயாமல் அறுபடும். மலைப்பாதையில் புள்ளி வரவில்லையென்றால் வானம் திறந்த அகலமான ஓரமாக வண்டியை நிறுத்தி, போனை வெளியே எடுத்து, மூன்று நான்கு நிமிடம் அசையாமல் வைத்திருந்தாலே பெரும்பாலும் வந்துவிடும். ஒருமுறை வாங்கிய தகவல் சில மணி நேரம் செல்லும். அடிவாரத்தில் நெட் இருக்கும்போதே மேப்பைத் திறந்து புள்ளி வரும் வரை பார்த்துவிட்டு ஏறினால், மேலே இந்தத் தொல்லை மிகவும் குறையும்.

எது பழுது என்று பிரித்துப் பார்க்காமல் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றுவதும், போனையே ரீசெட் செய்வதும் வீண் வேலை. பிரித்துப் பார்க்க வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் 'ஜிபிஎஸ்டெஸ்ட்' என்ற இலவச ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்கோ மைதானத்துக்கோ போய் ஃப்ளைட் மோடை ஆன் செய்யுங்கள்; லொகேஷன் ஆனிலேயே இருக்கட்டும். இன்றைய போன்களில் ஃப்ளைட் மோடிலும் ஜிபிஎஸ் கேட்கும். ஆப்பைத் திறந்தால் ஒவ்வொரு செயற்கைக்கோளும் அதன் நாட்டுக் கொடியோடு வரிசையாக வரும். பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதுதான் சிக்னலின் பலம், டெசிபல்-ஹெர்ட்ஸ் கணக்கில். பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான், செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையை அல்ல. எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருந்தும் எல்லாமே 20க்குக் கீழே முனகிக்கொண்டிருந்தால் பயனில்லை. திறந்த வெளியில் நான்கைந்தாவது 35க்கு மேல், ஒன்றிரண்டு 40ஐத் தொட்டால் அந்தப் போனின் காது நன்றாக இருக்கிறது. கோளாறு செட்டிங்ஸிலோ மேப்பிலோதான்.

எண்கள் நன்றாக இருந்தும் இடம் மட்டும் நிலைக்கவில்லை என்றால் பழைய துணைத் தகவல், அதாவது போன் முன்பே வாங்கி வைத்த செயற்கைக்கோள் விவரம், கெட்டுப்போயிருக்கலாம். அதே ஆப்பின் மெனுவில் துணைத் தகவலை அழிப்பதற்கும் நேரத்தையும் புதிய தகவலையும் ஏற்றுவதற்கும் தனித்தனி வசதிகள் உண்டு. முதலில் அழித்து, பிறகு ஏற்றி, ஐந்து நிமிடம் வெட்டவெளியில் விடுங்கள். இதை நெட் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். மலைமேல் நின்றுகொண்டு அழித்தால் கையில் இருந்ததையும் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். போன் எல்லாவற்றையும் வானத்திலிருந்து முதலிலிருந்து வாங்கும். போனின் தேதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்க வேண்டும். நேரம் தவறாக இருந்தால் எந்தச் செயற்கைக்கோளை எங்கே தேடுவது என்ற கணிப்பே பிசகும்.

திறந்த வெளியில் பக்கத்தில் வைத்த இன்னொரு போன் 40 காட்டும்போது உங்கள் போன் 22, 24 என்று காட்டினால் அது உறுப்புக் கோளாறு. இதில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் டிஸ்ப்ளேயோ பேட்டரியோ பின்மூடியோ மாற்றிய பிறகு ஜிபிஎஸ் மங்கிப்போன போன்கள் ஏராளம். பல மாடல்களில் ஜிபிஎஸ் ஆன்டெனா என்பது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் படிந்த மெல்லிய உலோகப் பட்டை. போர்டில் அரிசி முனை அளவில் தங்க நிறத்தில் ஒரு சிறு வில் நீட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தை மூடி ஸ்குரூ போடும்போது அந்த வில் பட்டையின் மேல் அழுந்த வேண்டும். அந்த அழுத்தம்தான் இணைப்பு. வேறு வயர் கிடையாது. பேட்டரியை நெம்பும்போது வில் படுத்துவிட்டாலோ, விரலின் எண்ணெயோ பசையோ ஒட்டியிருந்தாலோ, மழைத்தண்ணீரில் பச்சை பூத்திருந்தாலோ இணைப்பு அரைகுறையாகும். ஸ்குரூக்களிலும் சில ஆன்டெனாவுக்கு எர்த் கொடுப்பவை. "ஒரு ஸ்குரூதானே" என்று விட்டால் சிக்னல் பாதியாகும். சரிசெய்வது பெரிய செலவில்லை: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் வில்லையும் பட்டையையும் துடைத்து, படுத்த வில்லை மிக மெதுவாக ஒரு மயிரிழை உயர்த்தி, எல்லா ஸ்குரூக்களையும் அதனதன் இடத்தில் போட வேண்டும். நீள ஸ்குரூவைக் குட்டை ஸ்குரூவின் இடத்தில் போட்டால் போர்டையே துளைத்துவிடும். டூப்ளிகேட் சட்டம் போட்டிருந்தால் அதில் அந்த உலோகப் பட்டையே இல்லாமலோ தரமற்றோ இருக்கலாம். பழைய சட்டத்தையே திரும்பப் போடுவது மேல். போனைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் ஜிபிஎஸ்டெஸ்ட்டின் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது கடை வாசலில் நின்று மறுபடி பாருங்கள். பழுதுபார்ப்பவருக்கும் இது நல்லது. யாருடைய தவறு என்ற வாக்குவாதத்துக்கே இடமிருக்காது.

உறுப்பில் குறையில்லை என்று தெரிந்த பிறகு செட்டிங்ஸ். ஆண்ட்ராய்டு 12 முதல், மேப் ஆப்புக்கு அனுமதி கேட்கும்போது துல்லியமான இடமா, தோராயமான இடமா என்று இரண்டு வட்டப் படங்களைக் காட்டும். அவசரத்தில் தோராயத்தைத் தொட்டுவிட்டால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ ஓரிடம் என்ற அளவில்தான் ஆப்புக்குச் சொல்லப்படும். பக்கத்து ஊரில் புள்ளி நிற்பதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். செட்டிங்ஸில் ஆப்ஸ், மேப்ஸ், பெர்மிஷன்ஸ், லொகேஷன் என்று போய் 'யூஸ் பிரிசைஸ் லொகேஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். ஐபோனில் பிரைவசி பகுதியில் லொகேஷன் சர்வீசஸுக்குள் ஒவ்வொரு ஆப்புக்கும் இதே சுவிட்ச் இருக்கிறது.

பேட்டரி சேவர் இன்னொரு எதிரி. பல போன்களில் அது ஆன் ஆனதும் திரை அணைந்த உடனே லொகேஷனையும் அணைத்துவிடும். திரை அணைந்தால் வழி சொல்வது நிற்கிறது, திறந்தால் தொடர்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். மேப் ஆப்பின் பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸை எப்போதாவது திறந்திருந்தால் அங்கே 'மாக் லொகேஷன் ஆப்' என்ற இடம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பொய்யான இடம் காட்டும் ஆப் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால் வானத்தில் எத்தனை செயற்கைக்கோள் இருந்தும் பயனில்லை.

வீட்டுக்குள் மட்டும் புள்ளி வேறு ஊரைக் காட்டுகிறது என்றால் அது ஜிபிஎஸ்ஸே அல்ல. கூரைக்கடியில் செயற்கைக்கோள் கேட்காதபோது போன் சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளை வைத்து இடத்தை ஊகிக்கிறது. சேலத்தில் இருந்த வைஃபை பெட்டியை நாமக்கல்லுக்கு வீடு மாறும்போது கொண்டுவந்தால் கொஞ்ச காலம் வரை அது "நான் சேலம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வெளியே வந்தால் சரியாகிவிடும். போனைக் குறை சொல்லக் கூடாது.

புள்ளி சரியான இடத்தில் இருந்து, அம்பு மட்டும் எதிர்த்திசையைக் காட்டினால் கோளாறு திசைகாட்டியில். காந்தம் வைத்த கவரும் காந்தப் பிடிப்பு உள்ள ஹோல்டரும்தான் பெரும்பாலும் காரணம். இவை ஜிபிஎஸ்ஸைக் கெடுப்பதில்லை, திசையை மட்டும் கெடுக்கும். கவரைக் கழற்றிவிட்டு, போனைக் காற்றில் எட்டு வடிவத்தில் சில முறை சுழற்றுங்கள். நீலப் புள்ளியிலிருந்து விரியும் ஒளிக்கற்றை அகலமாக இருந்தால் திசையில் போனுக்கு நிச்சயமில்லை. சுருங்கினால் தெளிந்துவிட்டது என்று பொருள். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக இருந்தால் இடத்திலேயே நிச்சயமில்லை. புள்ளி சாம்பல் நிறமானால் அது இப்போதைய இடமில்லை, கடைசியாகத் தெரிந்த இடம். இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்தால் எத்தனையோ தவறான திருப்பங்களைத் தவிர்க்கலாம்.

இனி ஆஃப்லைன் மேப். கூகுள் மேப்ஸில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்' பகுதிக்குப் போய் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து இறக்கலாம். போகும் இடத்தை மட்டும் சின்னக் கட்டமாக இறக்குவதுதான் பலர் செய்யும் பிழை. கிளம்பும் இடம், சேரும் இடம், நடுவில் உள்ள சாலை, தவறிப்போனால் சுற்றிவர வேண்டிய சாலை எல்லாமே கட்டத்துக்குள் இருக்க வேண்டும். கொல்லிமலைக்கென்றால் நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர், துறையூர் நான்கும் உள்ளே விழும்படி வையுங்கள். இறக்கிய மேப்புக்குக் காலாவதித் தேதி உண்டு, பட்டியலிலேயே எழுதியிருக்கும். தேதி நெருங்கும்போது, 15 நாளோ அதற்குக் குறைவோ இருக்கையில், வைஃபை கிடைத்தால் தானாகப் புதுப்பிக்க முயலும். இங்கேதான் சிக்கல். நம் ஊரில் பாதிப் பேர் வைஃபை பக்கமே போவதில்லை, மொபைல் டேட்டாதான். எனவே மேப் சத்தமில்லாமல் காலாவதியாகி, மலையேறிய பிறகுதான் தெரியவரும். ஆஃப்லைன் மேப் செட்டிங்ஸில் மொபைல் நெட்டிலும் புதுப்பிக்க அனுமதியுங்கள், அல்லது கிளம்புவதற்கு முந்தின நாள் கையாலேயே 'அப்டேட்' தொடுங்கள். போனில் இடம் நிறைந்திருந்தாலும் பதிவிறக்கம் பாதியில் நின்றுவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கூகுள் மேப்ஸ் ஆஃப்லைனில் கார் வழியை மட்டுமே சொல்லும். நடைவழி, சைக்கிள் வழி, பஸ் விவரம் கிடையாது. நெரிசலும் மாற்று வழியும் தெரியாது. நடந்து போகிறவர்களுக்கும் ஒற்றையடிப் பாதை தேடுகிறவர்களுக்கும் 'ஆர்கானிக் மேப்ஸ்', 'ஆஸ்ம்ஆண்ட்' இரண்டும் நல்லவை. இரண்டுமே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுமக்கள் வரைபடத்தை எடுத்துக்கொள்கின்றன. மாநில வாரியாக மொத்தமாக இறக்கலாம். நடைவழி உட்பட எல்லாக் கணக்கும் போனுக்குள்ளேயே நடக்கும். ஆஸ்ம்ஆண்டின் இலவசப் பதிப்பில் இத்தனை மேப்தான் இறக்கலாம் என்று வரம்பு உண்டு. ஆனால் நடந்த தடத்தைப் பதிவுசெய்து அதே தடத்தில் திரும்பி வரும் வசதிக்காக மலையேறுகிறவர்கள் அதை வைத்திருப்பது நல்லது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கடைகளும் கதவிலக்கங்களும் குறைவு. சில இடங்களில் காட்டுப் பாதைகள் கூகுளை விட நன்றாக இருக்கும், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது, ஏனெனில் அந்த ஊர்க்காரர் யாரும் இன்னும் வரையவில்லை. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் தங்கள் ஊர்ச் சாலையை வரையலாம், தவறான பெயரைத் திருத்தலாம். மலைக்கிராமத்து இளைஞர்கள் இதைச் செய்தால் அடுத்த ஆடிக்கு வருகிறவர்களுக்குப் பேருதவி.

எந்த ஆப்பானாலும் வீட்டிலேயே ஒரு சோதனை கட்டாயம். ஃப்ளைட் மோடைப் போட்டு, வைஃபையையும் அணைத்து, போக வேண்டிய இடத்தைத் தேடுங்கள், வழி கேளுங்கள், கடைசித் தெரு வரை பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டில் வராதது மலையில் வரப்போவதில்லை. பெயர் தேடல் ஆஃப்லைனில் மிகவும் பலவீனமானது. தமிழில் அடித்தால் ஒன்று, ஆங்கில எழுத்தில் அடித்தால் இன்னொன்று, எழுத்துக்கூட்டல் சற்று மாறினால் எதுவுமே வராது. எனவே கோயில், தங்குமிடம், பெட்ரோல் பங்க், மருத்துவமனை நான்கையும் நெட் இருக்கும்போதே தொட்டுச் சேமித்துவிடுங்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அனுப்புவதிலும் நிறையக் குழப்பம். தமிழகத்துக்குள் அட்சரேகை 8க்கும் 14க்கும் இடையில், தீர்க்கரேகை 76க்கும் 81க்கும் இடையில்தான் வரும். அட்சரேகையை முதலில் எழுத வேண்டும். கொல்லிமலைப் பக்கத்து எண்ணான 11.25, 78.35 என்பதை மாற்றி 78.35, 11.25 என்று அடித்தால் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய் நிற்கும். இது உடனே தெரிந்துவிடும். ஆபத்தான பிழை வேறு. 11 டிகிரி 15 நிமிடம் என்று எழுதியதைச் சிலர் 11.15 என்று அடித்துவிடுவார்கள். 60 நிமிடம் ஒரு டிகிரி என்பதால் சரியான எண் 11.25. வித்தியாசம் 0.10 டிகிரி, தரையில் 11 கிலோமீட்டர். மேப்பில் அதுவும் ஏதோ ஒரு ஊராகத்தான் தெரியும், சந்தேகமே வராது. தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். திறந்த வானத்தின் கீழ் சாதாரண போனின் துல்லியமே சுமார் 5 மீட்டர்தான்.

காருக்குள் சிக்னல் குறைந்தால் கண்ணாடியில் ஒட்டிய சன் ஃபிலிமைப் பாருங்கள். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு உள்ள ஃபிலிம் ஜிபிஎஸ்ஸையும் தடுக்கும். மலிவான சிகரெட் லைட்டர் சார்ஜரும் டேஷ் கேமராவும் எழுப்பும் மின்னிரைச்சல் அந்த நலிந்த சிக்னலை மூழ்கடித்துவிடும். சார்ஜரைப் பிடுங்கியதும் ஜிபிஎஸ்டெஸ்ட்டில் எண்கள் ஏறினால் குற்றவாளி அதுதான். இரு சக்கர வண்டியில் ஹோல்டரில் மாட்டுகிறவர்களுக்கு: அதிர்வு ஜிபிஎஸ்ஸை ஒன்றும் செய்யாது, ஆனால் கேமராவுக்குள் ஆடி நிலைப்படுத்தும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வை உள்வாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள்.

போனையோ மேப்பையோ எவ்வளவு சரிசெய்தாலும் தீராதவையும் உண்டு. ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கினால் இருபுறமும் பாறைச் சுவர். வானம் ஒரு கீற்றுதான். அந்தக் கீற்றில் தெரியும் செயற்கைக்கோள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே திசையில் இருப்பதால் கணக்கு தளர்ந்துவிடும். மற்றவற்றின் சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வரும். ஒரு மைக்ரோநொடி தாமதம் 300 மீட்டருக்குச் சமம் என்னும்போது, மோதித் திரும்பிய சிக்னலால் புள்ளி பாறைக்குள் குதிப்பதில் வியப்பில்லை. அங்கே படிகளை நம்புங்கள், புள்ளியை அல்ல. சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று போனுக்குத் தெரியாமல் போவதும் இந்த வகைதான். ஜிபிஎஸ்ஸில் உயரத்தின் பிழை எப்போதுமே பக்கவாட்டுப் பிழையை விட அதிகம். அங்கே தலைக்கு மேல் இருக்கும் பலகையைப் படிப்பதுதான் வழி.

தென்மாவட்டங்களுக்கு இன்னொன்று. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. இதை ஆராயவே திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் பொழுது சாய்ந்து நள்ளிரவு வரை மேல்வளிமண்டலத்தின் மின்னூட்ட அடுக்கு கலங்கி, அதைக் கடந்து வரும் சிக்னல் விளக்குச்சுடர் போல மினுமினுக்கும். சில நாள் மாலையில் காரணமே இல்லாமல் புள்ளி துள்ளினால், அதற்காக போனைக் கழற்ற வேண்டாம். காலையில் மறுபடி பாருங்கள். இரண்டு அலைவரிசையில் கேட்கும் போன்கள் இந்த அடுக்கால் வரும் தாமதத்தைத் தாமே கணக்கிட்டுக் கழித்துவிடும். மினுமினுப்பில் சிக்னலே அறுபட்டால் அவையும் தடுமாறத்தான் செய்யும். புதுப் போன் வாங்கும்போது எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையும் உள்ள போனா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மேப் சாலையைக் காட்டுகிறது என்பதற்காக அது போகத் தகுந்த சாலை என்று ஆகிவிடாது. அது நேரத்தையும் தூரத்தையும் கணக்குப் போடுகிறது. முந்தின வாரம் மண் சரிந்ததும், பாலம் வேலை நடப்பதும், திம்பம் போன்ற வனப்பாதைகளில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதும் உங்கள் போனில் இறக்கி வைத்த மேப்பில் இருக்காது. தார்ச்சாலை மண்சாலையாக மாறும் இடத்தில் நிறுத்தி, எதிரே வரும் உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விபத்தோ உடல்நலக் குறைவோ ஏற்பட்டால் இடத்தைச் சொல்லும் முறையையும் ஒருமுறை பழகிக்கொள்வது அவசியம். ஜிபிஎஸ்டெஸ்ட் முதல் திரையிலேயே இரண்டு எண்களையும் காட்டும். ஐபோனில் கூடவே வரும் திசைகாட்டி ஆப் நெட் இல்லாமலே காட்டும். உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அவசர உதவி எண்ணான 112க்கு அழைப்பு போகும். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். "பதினொன்று புள்ளி இரண்டு ஐந்து" என்பது போல. மறுமுனையில் இருப்பவரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நெட் வராத அளவுக்குச் சிக்னல் மெலிந்திருந்தாலும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்விடும் என்பதால் தெரிந்தவர் ஒருவருக்கு அதையும் அனுப்பிவிடுங்கள்.

அரசுக்கும் தங்கள் நாளிதழுக்கும் ஆளுக்கொரு கோரிக்கை. காரவள்ளி, ஆழியாறு, பண்ணாரி போன்ற அடிவாரச் சோதனைச் சாவடிகளில் "இதற்கு மேல் பல இடங்களில் டவர் கிடைக்காது, மேப்பை இங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள்" என்று தமிழில் ஒரு பலகை வைத்து, அதிலேயே அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் பெயின்டில் எழுதினால் செலவு மிகக் குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்கெனவே எண் பலகை இருக்கிறது. அதன் கீழேயே எழுதிவிடலாம். வளைவு எண்ணைச் சொன்னாலே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வந்துவிடுவார் என்பது உள்ளூருக்குச் சரி. சாலையை விட்டு விலகி அருவிக்கும் காட்டுக்கும் போகும் கிளைப்பாதைகளின் முகப்பில் அந்த எண்ணும் கிடையாது. அங்கேதான் முதலில் வைக்க வேண்டும். திருவிழா, அருவி, கோயில் பற்றிய செய்திகளை வெளியிடும்போது "எப்படிச் செல்வது" என்ற பெட்டிச் செய்தியில் அந்த இடத்தின் இரண்டு எண்களையும், நெட் கடைசியாகக் கிடைக்கும் ஊரின் பெயரையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுநீக்கும் வாசகர்,
நாமக்கல்.